இரட்டை எஞ்சினுக்கு வைத்த பொட்டு

1

அன்புள்ள பிள்ளைகளே,

நம் பள்ளி ஆண்டு மலருக்கு, வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் ஆளுக்கொன்று எழுதித் தர வேண்டும் என்று உங்கள் தலைமையாசிரியை கேட்டிருந்தார். "உங்க சாதனையைப் பத்தி எழுதுங்க" என்றார் போனில். நான் நம் பள்ளியில் பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு மலேசியாவுக்கு வந்தவன். சாதனை என்று எழுத ஒன்றும் இல்லை. "போன ஆயுத பூஜைக்கு ஒரு தப்பு செஞ்சேன் டீச்சர், அதை எழுதட்டுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அதையே எழுதுங்க. பிள்ளைங்க அதைத்தான் முதல்ல படிப்பாங்க."

ஆகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது ஜொகூரில். மலேசியாவின் தென்கோடி மாநிலம். கடலில் ஒரு பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். பாசிர் கூடாங் என்ற துறைமுக ஊரில், ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் பம்புகளைப் பழுது பார்ப்பது என் வேலை. விடிவதற்கு முன்னால் தொழிற்சாலை பஸ் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்ட். என் மனைவி சுமதி இந்த நாட்டுப் பெண், சிம்பாங் ரெங்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். நான் இன்னும் இந்தியக் குடிமகன்தான். அதனால் விசாவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் சேர்ந்து போய், இன்னும் கணவன் மனைவியாகத்தான் இருக்கிறோம் என்று அதிகாரி முன்னால் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்கும்போது சுமதி என் காதருகில், "இந்தத் தடவை இல்லன்னு சொல்லிடவா?" என்பாள். சிரிப்பு வரும். ஆனால் முத்திரை விழும்வரை அதிகாரியின் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எங்களுக்கு ஒரே மகள், யாழினி. பதினாறு வயது. இந்தக் கதை அவளுடைய விமானத்தைப் பற்றியது.

2

விமானம் என்றால் உட்கார்ந்து போகிற விமானம் இல்லை. ரிமோட்டில் பறக்கிற மாதிரி விமானம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை நான் இரண்டு கையையும் நீட்டினால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. உங்கள் ஊர் தெர்மாகோலை விடக் கெட்டியான நுரைப்பலகையில் செய்தது. இரண்டாம் உலகப் போரில் பறந்த ஒரு சண்டை விமானத்தை அப்படியே சிறிதாக்கியிருந்தார்கள். இடது இறக்கையில் ஒரு எஞ்சின், வலது இறக்கையில் ஒரு எஞ்சின். எஞ்சின் என்று சொல்கிறோமே தவிர, இரண்டும் பேட்டரியில் ஓடும் மோட்டார்கள்தான்.

யாழினிக்கு இந்தக் கிறுக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். இங்கே ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளி. அதற்கு மேல் பாடமெல்லாம் பெரும்பாலும் மலாயில். இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வருடம் அவள் வீட்டில் தமிழில் வம்பளந்தாள். இரண்டாம் வருடம் பாதிப் பேச்சு மலாய், கால் பேச்சு ஆங்கிலம். அதற்கப்புறம் பேச்சே குறைந்துவிட்டது. காதில் ஹெட்ஃபோன், அறைக்கதவு சாத்தியிருக்கும். "பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சும்மா?" என்றால், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வைச் சேர்த்து, "ஒண்ணும் இல்லலா பா." அவ்வளவுதான். நான் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அவள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தோம்.

அந்தச் சமயத்தில் பள்ளியிலிருந்து பிள்ளைகளைப் பொந்தியான் பக்கம் ஒரு திடலுக்கு அழைத்துப்போனார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய புல்வெளி. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரி விமானம் விடுகிறவர்கள் அங்கே கூடுவார்கள். அவர்களுக்குத் தலைவர் ஹாஷிம் என்ற மலாய்க்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆசிரியரை மலாயில் சிக்கு என்பார்கள். எல்லோருக்கும் அவர் சிக்கு ஹாஷிம். அவரிடம் ஒற்றை எஞ்சின் விமானத்தில் யாழினி ஒரு வருடம் பழகினாள். பிறகு ஒரு நாள், அவளாகவே ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வந்து, "ப்பா, பிறந்தநாளுக்கு ஒண்ணு கேக்கவா?" என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

பெட்டி வெளிநாட்டிலிருந்து வந்து பார்சல் அலுவலகத்தில் நின்றுவிட்டது. நேரில் வந்து படிவம் நிரப்பச் சொன்னார்கள். நானும் யாழினியும் போனோம். 'பொருள் என்ன' என்ற கட்டத்தில் நான் எனக்குத் தெரிந்த மலாயில், முத்து முத்தாக எழுதினேன்: 'போர் விமானம், இரண்டு எஞ்சின், எண்ணிக்கை ஒன்று.'

கவுண்ட்டரில் இருந்த அம்மா படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

யாழினி எட்டிப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "அலமாக்! மைனான், காக், மைனான்!" என்றாள் அந்த அம்மாவிடம். ஐயோ, விளையாட்டுப் பொருள் அக்கா, விளையாட்டுப் பொருள் என்று அர்த்தம். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ப்பா, யாராச்சும் போர் விமானம்னு எழுதுவாங்களா?"

"போர் விமானம்தானே?"

"பொம்மைன்னு எழுதணும் பா!"

"பொம்மைன்னு சொன்னா கோச்சுக்குறது நீதானேம்மா?"

காரை நிறுத்திய இடம் வரை சிரித்துக்கொண்டே வந்தாள். நீண்ட நாளைக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு.

சுமதிக்குத்தான் அந்தப் பெட்டி பிடிக்கவில்லை. அவளுடைய தாத்தாவைப் போர்க் காலத்தில் ஜப்பான்காரர்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட இழுத்துப்போனார்கள். அவர் திரும்பவில்லை. "சண்டைக்குப் போன சாமான் மாதிரி ஒண்ணை எதுக்கு நடுவீட்டுல வைக்கணும்?" என்றாள்.

அன்று சாயங்காலம் யாழினி அம்மாவிடம் போய், "இது குண்டு போடாதும்மா. மேல போகும், கீழ வரும். அதை ஒழுங்கா கீழ கொண்டுவர்றதுதான் என் வேலை" என்றாள். சுமதி மேசையைக் காலி செய்து கொடுத்தாள்.

3

அந்த மேசையில் நாலு மாதம் ஒட்டினோம், முடுக்கினோம், பற்றவைத்தோம். குறிப்புப் புத்தகம் முழுக்க ஆங்கிலம். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அந்த ஆங்கிலம் தெரியாது. அவள் படித்து எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சில இடத்தில் வார்த்தை கிடைக்காமல் திணறுவாள். கையை இறக்கை மாதிரி சாய்த்துக் காட்டுவாள். நான் ஒரு வார்த்தை சொல்வேன். "ஆங், அதான்!" என்பாள். இப்படி நாலு மாதத்தில் நாங்கள் பேசியது, அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் பேசியதை விட அதிகம்.

இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது பிள்ளைகளே. கவனமாகக் கேளுங்கள். ஒற்றை எஞ்சின் நின்றுபோனால் விமானம் நேராகச் சறுக்கிக்கொண்டு இறங்கும். இரண்டில் ஒன்று நின்றால் அப்படி இல்லை. ஒரு கைவண்டியை இரண்டு பேர் தள்ளுகிறீர்கள். இடது பக்கத்து ஆள் சட்டென்று நின்றுவிட்டால் என்ன ஆகும்? வலது பக்கத்து ஆள் தள்ளத் தள்ள வண்டி இடது பக்கம் வளைந்துகொண்டு போகுமல்லவா? அதேதான். அந்த நேரத்தில் பயந்துபோய் வேகத்தைக் கூட்டினால் விமானம் இன்னும் வேகமாகச் சுழன்று தலைகுப்புற விழும். வேகத்தைக் குறைக்க வேண்டும், மூக்கைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். மனசு கூட்டு கூட்டு என்று கத்தும். கை குறைக்க வேண்டும். சிக்கு ஹாஷிம் இதை அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தத் திடலில் இரட்டை எஞ்சின் விமானத்தைத் தனியாகப் பறக்கவிட வேண்டுமானால் ஒரு சோதனை உண்டு. முதலில் விமானத்தை அக்கு அக்காகப் பார்த்து, எல்லாம் சரி என்று பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு பறந்து காட்ட வேண்டும். இரண்டிலும் தேறினால்தான் அனுமதி. இதற்கு முன் அங்கே தேறியவர்கள் எல்லோரும் பெரியவர்கள். அவளுடைய சோதனைக்குக் குறித்த ஞாயிறு, ஆயுத பூஜைக்கு மறுநாளாக அமைந்தது.

4

எங்கள் தொழிற்சாலையில் ஓடுகிற இயந்திரத்தின் மேல் எதையும் பூசக் கூடாது. நான் சேர்ந்த முதல் வருடமே இதைச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஏழெட்டுத் தமிழர்கள் அவரவர் கருவிப் பெட்டிக்கு மட்டும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுக்கொள்வோம். இத்தனை வருடத்தில் நான் அந்த விதியை ஒரு தடவைகூட மீறியதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று உங்களுக்கு விளங்கும்.

சனிக்கிழமை பிற்பகல் யாழினி விமானத்தைச் சோதித்து முடித்தாள். விசிறிகளின் நடுவில் இருக்கும் கூம்பு மூடியைக் கழற்றி, மோட்டாரைச் சுற்றிப் பார்த்து, திரும்பவும் மாட்டினாள். சாயங்காலம் சாமி படத்துக்கு முன்னால் என் ஸ்பேனர்கள், சுமதியின் தையல் மிஷின், யாழினியின் புத்தகங்கள் எல்லாம் வைத்தோம். விமானத்தையும் வைத்தாள்.

"ஆனா ஒண்ணும் பூசக்கூடாது, சரியா பா? ஒரு சொட்டுகூட."

"சரிம்மா."

"நெசமா?"

"நெசமாத்தான்."

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் பூஜை முடிந்து அவர்கள் இருவரும் பலகாரம் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனதும், விமானத்தைப் பார்த்தேன். என் கருவிப் பெட்டிக்குப் பொட்டு இருந்தது. தையல் மிஷினுக்கு இருந்தது. மிக்ஸிக்குக்கூட இருந்தது. நாலு மாதம் என் மகளை என் பக்கத்தில் உட்கார வைத்த அந்த இரண்டு எஞ்சின் மட்டும் வெறும் நெற்றியோடு நின்றன. நாளைக்கு அது ஆகாயத்துக்குப் போகப்போகிறது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், பொட்டு வைக்காமல் அனுப்பினோமே என்று ஆயுசுக்கும் தோன்றும் எனக்கு.

கூம்பு மூடிகளைக் கழற்றினேன். உள்ளே, அவள் கண்ணுக்குப் படாத இடத்தில், மோட்டாருக்கு ஒன்றாகச் சந்தனம் வைத்தேன். சந்தனம் கொஞ்சம் நீர்த்திருந்தது. மூடிகளை மாட்டிவிட்டுக் கையைக் கழுவினேன். மனசு நிறைந்திருந்தது.

5

ஞாயிறு காலை திடலில் பத்துப் பதினைந்து பேர். சிக்கு ஹாஷிம் பட்டியலை நீட்டினார். யாழினி ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தாள். 'கூம்பு மூடியைக் கழற்றிப் பார்' என்ற வரி வந்தபோது ஒரு நொடி தயங்கினாள். நேற்றுத்தான் பார்த்தோமே என்று நினைத்திருப்பாள். குறி போட்டாள். பட்டியலில் கையெழுத்தும் போட்டாள். எனக்கு அப்போதுகூட நாக்கு எழவில்லை. பொட்டு அவளைக் காப்பாற்றும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விமானம் புல்லில் ஓடி எழும்பியது. முதல் சுற்று அழகாக வந்தது. இரண்டாவது சுற்றில், செம்பனைகளுக்கு மேலே திரும்பும்போது, சத்தம் மாறியது. இருபது வருடமாகப் பம்புச் சத்தம் கேட்டுப் பழகிய காது என்னுடையது. இரண்டு சத்தத்தில் ஒன்று விக்கியது. பிறகு நின்றது. இடது விசிறி அசையாமல் நிற்பது தரையிலிருந்தே தெரிந்தது. விமானம் இடது பக்கம் வெட்டிச் சாய்ந்தது.

"வேகம் வை! வேகம் வை யாழினி!" என்று கத்தினேன். நாலு மாதம் கூடவே இருந்து கேட்ட பாடம் முழுக்க எனக்கு மறந்துபோனது.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் வேகத்தைக் குறைத்தாள். மூக்கு தாழ்ந்தது. இறக்கை மெல்ல நேரானது. பெரிய வளைவாக, எஞ்சின் ஓடுகிற வலது பக்கமே திரும்பி, திடலுக்குக் கொண்டுவந்தாள். சக்கரங்கள் புல்லில் தட்டின, ஒரு குதி குதித்தது, திடலோரத்தில் உயரமாக வளர்ந்த லாலான் புல்லுக்குள் போய் நின்றது. ஒரு விசிறி இலை முறிந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை.

பிள்ளைகளே, என் பேச்சை என் மகள் கேட்பதில்லை என்று இரண்டு வருடமாக வருத்தப்பட்டேன். அன்று அவள் கேட்காமல் இருந்ததால்தான் விமானம் முழுசாகத் திரும்பியது.

எல்லோரும் கைதட்டினார்கள். சிக்கு ஹாஷிம் இடது கூம்பைக் கழற்றினார். மோட்டாரின் இடுக்கில் மஞ்சளாக ஏதோ வழிந்து காய்ந்து, அதைச் சுற்றவிடாமல் பிடித்திருந்தது. விரலால் சுரண்டிப் பார்த்தார். மலாயில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன இது? கறிப்பொடியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாழினி குனிந்து மோந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சிக்கு ஹாஷிமிடம் திரும்பி, "என் தப்பு, சிக்கு. ஒட்டும்போது பசை சிந்தியிருக்கும். நான் சரியா பார்க்கல" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். "பறந்தது நன்றாக இருந்தது. ஆனால் பார்க்காமலே குறி போட்டிருக்கிறாய். வேலையும் சுத்தமாக இல்லை. இந்தக் கை இரட்டை எஞ்சினுக்கு இன்னும் தயாராகவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம்."

அடுத்த வருடம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரி, சிக்கு" என்றாள். பதினைந்து பேர் முன்னால், வேறு மொழிக்காரர்கள் முன்னால், தன் அப்பா ஒரு கோமாளியாக நிற்கக் கூடாது என்று அந்தப் பெண் தன் நாலு மாத உழைப்பைத் தூக்கிக் கொடுத்தாள்.

நான் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அந்த நினைப்பு வந்தது என்பதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. வந்தது.

6

"சிக்கு, அது பசை இல்ல" என்றேன். என் மலாய் அவசரத்தில் இன்னும் மோசமாக வரும். "சந்தனம். நான்தான் வச்சேன். அவ வேணாம்னு சொன்னா. சரின்னு சொல்லிட்டு, அவளுக்குத் தெரியாம, கழட்டி வச்சு மூடினேன். அவ கை சுத்தமான கை."

"ப்பா..." என்றாள் யாழினி, மெதுவாக.

"இரும்மா. சொல்லி முடிச்சுடறேன்."

ஆயுத பூஜை என்றால் என்ன என்று சொன்னேன். தொழிற்சாலையில் இப்படிச் செய்ய மாட்டேன் என்றும் சொன்னேன். ஏன் வைத்தாய் என்று அவர் கேட்டார். எனக்கு மலாயில் அதற்கு வார்த்தை கிடைக்கவில்லை. கையை விரித்தேன்.

யாழினிதான் சொன்னாள். அவளுடைய மலாய் ஆறு மாதிரி ஓடும். "அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சதுக்கு எல்லாம் வைப்பாங்க, சிக்கு. நான் முதல் நாள் பள்ளிக்குப் போனப்ப என் பென்சில் பெட்டிக்குக்கூட வச்சாங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சிக்கு ஹாஷிம் சந்தனம் ஒட்டிய விரலைச் சட்டையில் துடைக்காமல் கைக்குட்டையில் துடைத்தார். அதை நான் கவனித்தேன்.

"அப்படியானால் வேலை சுத்தமாகத்தான் இருந்தது" என்றார். "ஆனால் விதி விதிதான். பறப்பதற்கு முன்னால் மூடியைக் கழற்றிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். யார் வைத்தாலும், கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு." யாழினி தலையாட்டினாள். "ஒரு எஞ்சினோடு இறங்குவதை நானே சோதிக்க வேண்டியது, அது முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பட்டியலை மட்டும் முதலிலிருந்து செய். அதில் தேறினால் தனியாகப் பற."

காரில் வீடு திரும்பும்போது அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வச்சதுக்குக் கோவம் இல்ல பா. நெசமான்னு கேட்டேன். நெசமாத்தான்னு சொன்னீங்க."

"ஆமாம்மா. அதுதான் தப்பு."

"பெரிய தப்பு."

"பெரிய தப்புதான்."

கொஞ்ச தூரம் போனதும், "வேகம் வை, வேகம் வை!" என்று என் குரலிலேயே கத்திக் காட்டினாள். "சிங்கப்பூருக்கே கேக்குற மாதிரி கத்துறீங்க. நாலு மாசம் என்னதான் கேட்டீங்க?"

வீட்டுக்கு வந்ததும் சுமதியிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள், நடித்தும் காட்டினாள். சுமதி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மிக்ஸிக்கு வச்சப்பவே நெனச்சேன், இவரு கை சும்மா இருக்காதுன்னு" என்றாள்.

7

அந்த வாரம் எனக்குப் பகல் ஷிஃப்ட். சாயங்காலங்களில் மேசையில் உட்கார்ந்தோம். மோட்டாரைப் பிரித்து, நுண்ணிய தூரிகையால் சந்தனத்தை ஒவ்வொரு துகளாக எடுத்தது அவள். விளக்குப் பிடித்தது நான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி திடல். சுமதியும் வந்திருந்தாள். யாழினி பட்டியலைக் கையில் எடுத்தாள். இந்தத் தடவை எந்த வரியிலும் தயங்கவில்லை. இரண்டு கூம்பையும் கழற்றினாள், டார்ச் அடித்துப் பார்த்தாள், விசிறியை விரலால் சுற்றிக் காதை வைத்துக் கேட்டாள். எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடினாள். நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"ப்பா. கையைக் காட்டுங்க."

சிக்கு ஹாஷிமும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். திருப்பச் சொன்னாள், திருப்பினேன். ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். குனிந்து மோந்தும் பார்த்தாள். சுமதி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

"ஏதாச்சும் வச்சீங்களா?"

"இல்ல."

அவள் என் கண்ணைப் பார்த்தாள். போன வாரம் போல "நெசமா?" என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பேனாவைத் திறந்து, என் உள்ளங்கையிலேயே பட்டியலை வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, விமானத்தைத் தூக்கிக்கொண்டு புல்வெளிக்கு நடந்தாள்.